மலாயா மண்ணில் குயவர் சக்கரம்

கோலாலம்பூர்த் தமிழருக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்பது நாவிற் பழகிய பெயர். கோயில்களும் பூக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் விவேகானந்த ஆசிரமமும் நிறைந்த அப்பகுதியைப் பேசும்போது, பெயரின் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. செங்கல் அறுத்த களம் என்பதே அதன் பொருள். 1881ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் அழித்தது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் அது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டும் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் ஆதல் வேண்டும் என்று 1884இல் விதி செய்தார். சீனர் தலைவராகிய காப்பித்தான் யாப் ஆ லோய், நகரைத் திரும்பக் கட்டுதற்குப் பரந்த நிலம் வாங்கிச் செங்கல் தொழில் தொடங்கினார். அந்த நிலமே பின்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

ஆகவே கோலாலம்பூர் சுட்ட மண்ணால் எழுந்த நகரம். 1897இல் கட்டி முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு மட்டும் நாற்பது இலட்சம் செங்கற்கள் சென்றன என்று கணக்குச் சொல்வர். செங்கல்லின் வரலாறு இவ்வாறு நகர வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதே மண்ணின் மற்றொரு பிள்ளையாகிய பானைக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியேறிய நம் பாட்டன் பாட்டியர் எதில் உலை வைத்தனர்? அப்பானையை வனைந்தவர் யார்? கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் குயவர் இருந்தனரா? இருந்தனர் எனில் அவர்தம் சக்கரம் என்ன ஆயிற்று? தமிழாசிரியர்கள் இவற்றைக் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஏனெனில், தமிழர் நாகரிகத்தின் பழமைக்கு இன்று நாம் காட்டும் சான்றுகளில் பெரும்பகுதி பானை ஓடுகளே.

தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகர் என்னும் ஜெர்மானியர் முதலில் தோண்டினார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். அங்கே கிடைத்தவை மனித எலும்புகளைத் தாங்கிய பெருந்தாழிகள். 2004ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்விலும் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இறந்தோரைத் தாழியிற் கவிக்கும் வழக்கத்தை மணிமேகலை குறிப்பிடுவதை மாணவர் அறிவர். புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபோது குயவனை விளித்துப் பாடுகிறார். இவ்வளவு பெரிய புகழுடையானைக் கவிக்கும் தாழியை நீ எவ்வாறு வனைவாய் என்று கேட்டு, அரசனுக்காக அழும் புலவர் குயவனுக்காக இரங்குகிறார். 256ஆம் பாட்டிலோ கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடமுள்ளதாகத் தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். இந்த இரு பாட்டிலும் குயவனே கேட்போன். சாவு வீட்டில் முதலில் அழைக்கப்படுபவன் அவனே என்பது இதனாற் புலனாகும்.

அக்காலத்துக் குயவரின் கைத்திறத்துக்குக் கருப்பு சிவப்புப் பாண்டங்கள் சான்று. உட்புறமும் வாய்விளிம்பும் கருமையாகவும் வெளிப்புறம் செம்மையாகவும் இருக்கும் இவை இருமுறை சாயம் தீட்டியவை அல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே காற்றுப் புகாதவாறு செய்வர். காற்றின்றிப் புகையுண்ட பகுதி கறுக்கும். காற்றுப்பட்ட பகுதியில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். ஒரே நெருப்பு, ஒரே மண், இரு நிறம். இதனை இரசாயனம் கற்ற ஒருவர் விளக்குவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே குயவர் செய்து பழகினர்.

அப்பானைகளின் மேல் எழுத்தும் உண்டு. கீழடியில் 2014 முதல் நடைபெற்ற அகழ்வுகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஆதன் என்பது போன்ற ஆட்பெயர்களே அவற்றில் மிகுதி. அரசன் கல்லில் வெட்டுவித்தான்; வீட்டுக்காரன் தன் பானையிற் கீறினான். எகிப்து நாட்டுச் செங்கடல் துறையாகிய குசைர் அல் காதிமில் கிடைத்த ஒரு சாடி ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். ஒறி என்பது நம் உறியே. கி.மு. முதல் நூற்றாண்டின் பானை, தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு கடல் கடந்து கிடக்கிறது!

நம் தீபகற்பத்தின் பக்கமும் அத்தகைய ஓடு ஒன்று உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையில் பூ காவ் தோங் என்னுமிடத்தில் கிடைத்த துண்டில் மூன்று எழுத்துகள் எஞ்சியுள்ளன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது என்பர். அதில் வல்லின றகரம் இருப்பதால் தமிழ் என்பது உறுதி. துறவோன் என்னும் சொல்லின் பகுதியாகலாம் என்று மகாதேவன் கருதினார். 2006இல் இச்செய்தி வெளிவந்தபோது இந்நாட்டுத் தமிழர் பலர் மகிழ்ந்தனர். மகிழ்வது முறையே. ஆயினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்து வகைப்படுத்திய, உட்புறத்தில் பற்சக்கரக் கோடுகள் கொண்ட மெல்லிய பாண்டம் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்தது. உடனே நம் மேடைகளில், தமிழ்க் குயவன் பாலிவரை சென்றான் என்ற பேச்சு எழுந்தது. அப்பாண்டத்தை முதலில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்று கருதினர். பின்னர் இந்தியாவிற் செய்ததே என்று தெளிந்தனர். வங்கக் கரையிற் செய்யப்பட்டிருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். பானை சென்ற இடமெல்லாம் குயவன் சென்றான் என்பது சான்றுக்கு ஒவ்வாது. வணிகன் கையில் பானை போகும். குயவன் ஊரிலேயே இருப்பான். கெடாவின் சுங்கை பத்துவில் பழைய இரும்புருக்கும் களத்தில் ஆயிரக்கணக்காகக் கிடைத்துள்ள களிமண் ஊதுகுழல்கள் அங்கேயே செய்தவை. அவற்றைச் செய்த கைகள் எந்த மொழி பேசின என்பதை மண் சொல்லாது.

குயவர்க்கு நம் நூல்கள் வழங்கும் பெயர் வேட்கோ, வேட்கோவர் என்பன. பிற்காலத்தில் குலாலர், வேளார் என்றும் வழங்கினர். பல்லவர் செப்பேடுகளிற் குசக்காணம் என்றொரு வரி வருகிறது. குயவர் செலுத்தியது அது. வரி வாங்கும் அளவுக்குத் தொழில் பெருகியிருந்தது என்க. பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் தில்லையிற் குயவர் குலத்திற் பிறந்தவர். அடியார்க்குத் திருவோடு வனைந்தளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். சோதிக்க வந்த இறைவனும் அவரிடம் ஓட்டையே அடைக்கலமாக வைத்து, அதை மறையச் செய்கிறான். பொன்னும் மணியும் அன்று; ஒரு மண் ஓடு. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்கு ஆளுயர மண்குதிரை செய்து வைப்பவரும், பல கோயில்களிற் பூசாரியாக நிற்பவரும் வேளாரே. ஆயினும் அவர் செய்த பானையைப் பூசையறைக்குள் ஏற்றுக்கொண்ட ஊர், அவரைத் தன் திண்ணைக்கு மேல் ஏற்றிக்கொள்ளத் தயங்கிய காலமும் உண்டு. இதை மறைத்துவிட்டுக் கைத்தொழிலின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

தொழிலின் முறையைச் சிறிது காண்போம். ஏரி, குளம், வயல் ஆகியவற்றின் வண்டலை எடுத்துக் கல் வேர் நீக்கி, மணல் கலந்து காலால் மிதிப்பர். மணல் கலப்பதற்குக் காரணம் உண்டு. தனிக் களிமண் காயும்போது மிகச் சுருங்கி வெடிக்கும். அடுப்பில் வைத்தாலும் தாங்காது. மணலோ சூட்டில் விரியவும் சுருங்கவும் இடம் தரும். தரையோடு தாழ்ந்து கிடக்கும் கனத்த சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, அவ்விசை தீருமுன் கழுத்தும் வாயும் தோளும் வனைந்து முடித்தல் வேண்டும். நூலால் அறுத்தெடுக்கும்போது அப்பானைக்கு அடி இராது. கேட்போர்க்கு வியப்பாயிருக்கும், ஆனால் உருண்டை அடியுள்ள பானையைச் சக்கரத்தின் மேலே நேராக முடிக்க இயலாது. பாதி உலர்ந்த பின் உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி, அடியைக் கூட்டி மூடுவர். சக்கரத்தின் வேலை சில நிமிடம். தட்டும் வேலையே நெடுநேரம் கொள்ளும். உருண்டை அடியில் தீ எப்புறமும் ஒத்துப் பரவும். மூன்று கல்லின்மேல் ஆடாமல் அமரும். பிறகு செங்காவி பூசி, உலர்த்தி, வைக்கோல் வரட்டி விறகு அடுக்கிச் சுடுவர். இச்சூடு மண்ணைக் கெட்டியாக்கும், கண்ணாடிபோல் உருக்காது. ஆதலால் பானையின் சுவரில் நுண்துளைகள் எஞ்சும். அவற்றின்வழி கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும்.

பேராக் மாநிலத்துக் கோலகங்சார் அருகே சாயோங்கில் மலாய் மக்கள் செய்யும் லாபு சாயோங் கூசாவும் இத்தத்துவத்தால் தண்ணீரைக் குளிர்விப்பதே. சுரைக்காய் வடிவினது. சுட்ட சூட்டோடு உமியிற் புதைத்துக் கருமை ஏற்றுவர். மரபில் அதனைச் சக்கரமின்றிக் கையாலேயே உருவாக்கினர். அதனைச் செய்தவர் பெரும்பாலும் பெண்கள். நம் மரபிலோ சக்கரத்தில் அமர்பவன் ஆண். ஒரே பயனுக்கு இரு அண்டை மக்கள் இரு வழியில் சென்றனர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். மலாயாவுக்கு ஆள் திரட்டியோர் குயவன் வேண்டும், கருமான் வேண்டும் என்று திரட்டவில்லை. காடு வெட்டவும் பால் வெட்டவும் சாலை போடவும் கை வேண்டும் என்றே திரட்டினர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆட்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. இக்காலம் முழுதும் வந்தோர் எல்லாரும் பேரேட்டில் கூலி என்ற ஒரே தொழிலின்கீழ் எழுதப்பட்டனர். சக்கரத்தை விட்டு வந்தவனும் ஏரை விட்டு வந்தவனும் மறுநாட் காலைப் பிரட்டில் ஒரே வரிசையில் நின்றனர். பானை வனைய நேரமில்லை. மண் எடுக்க நிலமில்லை. லயத்து முற்றத்தில் சூளை போட இடமில்லை.

இதனை இழப்பென்று மட்டும் சொல்வதா? பிறப்பால் தொழிலைக் கட்டி வைத்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அக்கட்டு இங்கே தளர்ந்தது. குயவன் மகன் கிராணியானான், ஆசிரியனானான், இரயில்வேயில் வேலை பார்த்தான். இன்று நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளுள் எவர் குயவர் மரபினர் என்பது எவருக்கும் தெரியாது; தெரிய வேண்டுவதும் இல்லை. ஆனால் கட்டுத் தளர்ந்தபோது கைத்திறமும் நழுவிற்று. சாதி போக வேண்டும், தொழில் நிற்க வேண்டும் என்றால் அத்தொழிலைப் பிறப்பு அல்லாத வேறொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தோட்டத் தமிழன் கையில் நாள்தோறும் புரண்ட சுட்டமண் பாத்திரம் ஒன்று உண்டு. அது சமையற் பானை அன்று. பால்மரத்திற் கட்டிய மங்கு. தொடக்கத்திற் சிரட்டையும் பயன்பட்டது. தகரமோ துருப்பிடித்துப் பாலின் நிறத்தைக் கெடுக்கும். ஆகவே மெருகு பூசிச் சுட்ட மண்கோப்பைகள் பெருகின. அவற்றைச் செய்தவர் சீனக் குயவர். மேட்டுச் சரிவில் பாம்புபோல் நீண்டு ஏறும் நாகச்சூளைகளில் கோப்பையை அடுக்கி, கீழ்வாயில் விறகிட்டு மேல்நோக்கித் தீயைச் செலுத்துவர். சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் 1940இல் எழுந்த தாவ் குவாங் சூளை இத்தகையது. பால் மங்குகள் அங்கும் சுடப்பட்டன. இச்சூளைகளின் வெப்பம் நம் திறந்த சூளையினும் மிகுதி. மண் இறுகிக் கல்போலாகி, மேற்பூச்சு உருகிக் கண்ணாடியாகும். பால் ஒட்டாது, விரல்விட்டு வழித்தெடுக்கலாம். தமிழன் வெட்டிய மரத்தில், சீனன் சுட்ட கோப்பையில் பால் வடிந்தது. மங்கு என்னும் சொல்லோ மலாய் மங்கோக்கோடு உறவுடையது. ஒரு சிறு கோப்பையில் மூன்று இனத்தின் வரலாறும் அடங்கிக் கிடக்கிறது.

சொல்லைத் தொட்டதால் இன்னும் இரண்டைச் சொல்லி அப்பாற் செல்வேன். பீங்கான் என்பதை நாம் தமிழென்றே எண்ணுகிறோம். மலாய்க்காரர் பிங்கான் என்பதை மலாயென்றே எண்ணுகின்றனர். இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. மலாய்க் கெண்டியும் நம் கெண்டியும் வடமொழிக் குண்டிகையின் வழி வந்த உடன்பிறப்புகள். சந்தையில் பாத்திரம் கை மாறும்போதெல்லாம் பெயரும் உடன் சென்றுள்ளது.

துருக்கியரும் இவ்வாறே. ஓவியம் தீட்டிய மெருகுப் பாண்டத்தையும் ஓட்டையும் அவர்கள் சீனி என்பர். சீனத்தைச் சார்ந்தது என்பது பொருள். நாம் சீனச்சட்டி என்பதுபோல. இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனப் பீங்கான்கள் உள்ளன. சீனத்திலிருந்து மேற்கே கடல்வழிச் சென்ற பீங்கான் நம் மலாக்கா நீரிணையைக் கடந்தே போயிற்று. அப்பீங்கானைக் கண்டு வியந்த துருக்கியக் குயவர் அதைப்போல் தாமும் செய்ய முயன்றனர். அந்நாட்டில் இஸ்னிக் என்றொரு சிற்றூர் உண்டு. கிறிஸ்தவ வரலாற்றிற் புகழ்பெற்ற பழைய நிகேயா அதுவே. அங்குச் சீனத்து வெண்களிமண் இல்லை. ஆகவே வெண்கல்லைப் பொடித்து, கண்ணாடித் தூளும் சிறிது வெண்களிமண்ணும் சேர்த்துப் புதியதொரு கலவையைக் கண்டனர். அதன்மேல் வெண்பூச்சு, அதன்மேல் நீலமும் பச்சையும் கொண்டு பூவேலை, அனைத்துக்கும் மேல் தெளிந்த மெருகு. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் தக்காளிப் பழம் போன்ற ஒரு சிவப்பையும் கண்டுபிடித்தனர். இரும்புச் சத்து மிகுந்த ஒருவகை மண்ணைத் தடிப்பாக அப்பிச் சுட்டதால் அந்நிறம் விரலுக்குத் தட்டுப்படும் அளவு மேடாக நிற்கும். 1557இல் முடிந்த சுலைமானியா மசூதியில் அச்சிவப்பைக் காணலாம். துலிப் மலரும் கார்னேஷன் மலரும் வளைந்த இலையும் அவர்தம் விருப்பமான வடிவங்கள்.

இத்துணைச் சிறந்த தொழில் நூறாண்டுக்குள் தளர்ந்தது. காரணம் கைத்திறம் குன்றியதன்று. இஸ்னிக்கின் பெரிய வாடிக்கையாளர் அரண்மனை. சுல்தான் மசூதி கட்டும்போது ஓடு வேண்டும். விலையை அரண்மனையே நிறுத்தும். ஏனைய பொருள்களின் விலை ஏறியபோதும் ஓட்டின் விலை ஏறவில்லை. 1616இல் முடிந்த சுல்தான் அகமது மசூதிக்கு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஓடுகள் சென்றன. அதற்குப்பின் அத்துணைப் பெரிய கட்டளை வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டு முழுதும் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பின் பக்குவமும் மறைந்தது. 1993இல் இஸ்னிக் அறநிறுவனம் தோன்றி ஆராய்ந்து அக்கலையை மீட்கப் பெரிதும் முயன்றது. 2016இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் சீனிக் கலையை மானிட மரபுப் பட்டியலிற் சேர்த்தது. இதற்கிடையில் அதே நாட்டு அவானோஸ் ஊரிலோ, செந்நிற ஆறு என்று பெயர்பெற்ற கிசில் இர்மாக் ஆற்றின் மண்ணைக் காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் வனைந்து, வீட்டுக்கு வேண்டிய சாடியும் குடமும் செய்தோர் அத்துணைப் புகழின்றித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர். அரசன் கேட்டதைச் செய்தவன் அரசனோடு தளர்ந்தான். வீட்டுக்காரி கேட்டதைச் செய்தவன் நீடித்தான்.

மலாயாவில் வீட்டுக்காரியும் கைவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அலுமினியப் பானை கை தவறினாலும் உடையாது. விறகும் குறைவாகவே பிடிக்கும். விடியுமுன் சமைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டியவளுக்கு இது சிறு உதவியன்று. பிறகு எவர்சில்வர் வந்தது. தண்ணீர்ப் பானையின் இடத்தில் குளிர்பெட்டி வந்தது. சமையலறையில் மண்சட்டி மீன்குழம்புக்கு மட்டும் விருந்தாளியானது.

ஆனால் வீட்டின் மற்றோர் இடம் உலோகத்தை முற்றும் ஏற்கவில்லை. சடங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். தைப்பூசத்தில் பத்துமலைக்கு எடுக்கும் பாற்குடம் இன்று பெரும்பாலும் எவர்சில்வர். ஏனெனில் அதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து கழுவி வைக்கலாம். கொள்ளிக்குடமோ மண்ணே. அது உடைந்தாக வேண்டும். முளைப்பாலிகை மண்ணே, அது ஆற்றில் விடப்பட வேண்டும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் ஏற்றும் அகல் எண்ணெயூறிக் கறுத்தால் மறுஆண்டு புதிது வாங்குகிறோம். பொங்கற் பானை உடைக்கப்படுவதன்று. ஆனால் புதுப்பானையாக இருத்தல் வேண்டும் என்பது மரபு. திரும்பி வரும் பாத்திரம் உலோகமாயிற்று. திரும்பி வராத பாத்திரம் மண்ணாகவே நின்றது. உடைவது குற்றம் என்று அலுமினியம் வென்ற அதே இடத்தில், உடைவதே கடமை என்று பானை பிழைத்துக்கொண்டது. பிறப்பு தாங்கிய தொழிலை இந்நாட்டில் தாங்கிப் பிடித்தது இந்தத் தேவையே.

இதற்குக் கண்கூடான சான்று கோலசிலாங்கூரில் உள்ளது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிப் பூச்சிகளால் பெயர்பெற்ற கம்போங் குவந்தானில் தமிழ்க் குடும்பத்தார் தலைமுறைகளாகப் பானை வனைந்து வருகின்றனர். பொங்கற் பானை, அகல், சாம்பிராணித் தூபக்கால், சட்டி ஆகியவை அங்குச் செய்யப்படுகின்றன. பொங்கல் நெருங்கும்போது செய்தித்தாள்களில் அவர்தம் படம் வரும். தை பிறந்து சில நாள் கழிந்தால் மறந்துவிடுவோம். அவர்கட்கோ அது ஓராண்டின் அறுவடை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை மிகுந்த காலம். வனைந்த பானை உலர வேண்டிய காலமும் அதுவே. ஈரம் உள்ளே நின்ற பானையைச் சூளையில் வைத்தால் அந்நீர் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும். ஆதலின் மழை ஒரு வாரம் தொடர்ந்தால், அது விலையிலும் எண்ணிக்கையிலும் தெரியும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் பொங்கலுக்கு முன்பு கரும்போடு பானைகள் அடுக்கி வைத்திருப்பதைக் காண்கிறோம். பக்கத்தில் பளபளக்கும் எவர்சில்வர்ப் பொங்கற் பானையும் இருக்கும். பெருமகள் ஒருத்தி இரண்டையும் தூக்கிப் பார்த்து, வருடா வருடம் வாங்குவானேன் என்று உலோகத்தை எடுத்துச் செல்வாள். சிக்கனம்தான். ஆனால் அச்சிக்கனம் பெருகப் பெருக, மேலே நான் சொன்ன ஒழுங்கின் கடைசிப் படி ஒன்று இடிகிறது. பள்ளிப் பொங்கல் விழாக்களில் நாம் செய்வதும் நினைவுக்கு வருகிறது. அட்டையில் வரைந்த பானையை நிறுத்திப் படம் எடுக்கிறோம்; பொங்குவதோ பின்கட்டில் வாயு அடுப்பின்மேல் அலுமினியக் குண்டானில். கேட்டால் மண்பானை உடைந்துவிடும் என்கிறோம்.

பானையின் பெயர்களும் அவ்வழியே போகின்றன. குடம், கலயம், தோண்டி, சட்டி, மொந்தை, முட்டி, சால், மிடா, தாழி, மடக்கு, அகல் என்று தமிழில் உள்ள பெயர்கள் வெறும் மாற்றுச் சொற்கள் அல்ல. வாய் குறுகியது, அகன்றது. இடுப்பில் எடுப்பது, உறியில் தொங்குவது. கள்ளுக்கு, நீருக்கு, நெல்லுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவமும் ஒரு வேலையும் உண்டு. அகராதியிலிருந்து இவற்றை ஒப்புவிக்கும் மாணவனுக்குத் தோண்டிக்கும் மொந்தைக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. அவன் கையில் இரண்டையும் கொடுத்தால் ஒரு கணத்தில் தெரியும்.

ஆசிரியர்கட்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பொங்கல் முடிந்தபின் உடைந்த பானை கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம்; வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். கழுத்துத் துண்டின் உட்புறத்தில் விரல் ஓடிய வளையக் கோடுகள் மெல்லியவாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவை சக்கரம் சுழன்றதன் தடம். அடித்துண்டைத் திருப்புங்கள். அங்கே கோடுகள் இரா. சிறு சிறு பள்ளங்கள், கட்டைவிரல் அளவு, நெருக்கமாக இருக்கும். அவை உள்ளே பிடித்த கல்லின் தடம். கோடு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில், வனைதல் முடிந்து தட்டுதல் தொடங்கியது. அச்சில் வார்த்த பானையில் இவ்விரண்டும் இரா. பிறகு உடைந்த விளிம்பைக் காட்டுங்கள். நடுவே சாம்பல் நிறக் கோடு ஓடினால் சூளையில் காற்றும் தீயும் அதுவரை எட்டவில்லை. இப்பயிற்சி பெற்ற மாணவன், கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் சென்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருப்பான்.